ஒருபால் திருமணம்: தீர்ப்பா, சட்டமன்றமா?

ஒருபால் இணையரின் திருமணத்தை ஏற்க வேண்டியது நீதிமன்றமா, மக்கள் பெரும்பான்மையா என்பதே விவாதம். 2015-இல் அயர்லாந்து அதைப் பொதுவாக்கெடுப்பில் ஏற்றது. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 5-4 என ஏற்றது. இந்தியாவில் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமையல்ல, முடிவு நாடாளுமன்றத்தினுடையது என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். பதிவு பெறும் இணைவாழ்வு உரிமையை மட்டும் இருவர் ஆதரித்தனர்.

தமிழகத்துக்கு இந்த இழுபறி பழகியதே. பெரியார் பரப்பிய, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா ஆட்சியில், 1967-இல், சட்டமன்றமே இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. மாலை மாற்றினாலே போதும்.

அப்பிரிவும் ‘இரு இந்துக்கள்’ என்று தொடங்கி, கணவன், மனைவி என்றே முடிகிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. துணிச்சலான வாசிப்புதான், ஆனால் ஒருபால் இணையருக்கு அது எட்டவில்லை. 2023 தீர்ப்பின் மீதான சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.