42.34 மீட்டர்: ஒரு சிறுதிறன் ஒலிபரப்பியின் இரு வரலாறுகள்

காங்கிரஸ் வானொலியின் கதை பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா குளத் திடலில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம், மறுநாள் விடியும்போதே தலைவர்கள் கைது, நாளிதழ்கள்மீது தணிக்கை, ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை மறைவிடங்களிலிருந்து ஒலித்த ஒரு நிலையம், அதன் குரலாக 22 வயது உஷா மேத்தா. இவ்வரிசையில் ஒலிபரப்பி ஒரு நாடக மேடைப் பொருளைப் போல வந்து போகிறது. அதைச் செய்த கை எந்தத் தொழில்மரபில் பழகியது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. அதற்கான முதல் தடயமோ நிலையத்தின் அறிவிப்பிலேயே இருந்தது. இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து, 42.34 மீட்டரில் காங்கிரஸ் வானொலி பேசுகிறது என்பதே அந்த அறிவிப்பு.

42.34 மீட்டர் அலைநீளத்தை அதிர்வெண்ணாக மாற்றினால் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் வரும். உலகெங்கும் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட '40 மீட்டர்' பட்டைக்குள் அது அடங்குகிறது. போருக்கு முன்னும் அடங்கியது, இன்றும் அடங்குகிறது. பொழுதுபோக்காகக் கருவி கட்டிய ஒருவரின் சுருள்களும் படிகங்களும் இயல்பாக இயங்கும் இடம் அது. இந்த அலைநீளம் தற்செயலாக அமைந்தது என்பதைவிட, கருவியின் பிறப்பிடத்தை அது காட்டிக்கொடுக்கிறது என்று கருதுவதே பொருத்தம்.

அமெச்சூர் அழைப்பு மரபு இங்கே தலைகீழாகியிருப்பதும் கவனிக்கத்தக்கது. உரிமம் பெற்ற ஹாம், தன் அழைப்புக்குறியைச் சொல்லாமல் பேசக் கூடாது. அக்குறியின் முன்னொட்டே நாட்டைச் சொல்லிவிடும். தேடுபவருக்கு ஆளும் முகவரியும் உரிமப் பதிவேட்டில் கிடைக்கும். காங்கிரஸ் வானொலியின் அறிவிப்பு நாட்டை மட்டும் சொல்லி, ஊரையும் ஆளையும் 'எங்கோ' என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்தது. கேட்பவருக்கு ஊசி திருப்பத் தேவையான அலைநீளத்தை மட்டும் துல்லியமாகத் தந்தது.

ஹாம் மொழியில் சிறுதிறனுக்கு 'க்யூஆர்பி' என்று பெயர். தந்திக் குறியீட்டில் இது வினாவாக வந்தால் 'திறனைக் குறைக்கவா?' என்றும், விடையாக வந்தால் 'குறையுங்கள்' என்றும் பொருள்படும். காலப்போக்கில் அது பெயர்ச்சொல்லாகி, 5 வாட்டும் அதற்குக் கீழுமான இயக்கத்தைக் குறிக்கலாயிற்று. இத்தனை குறைந்த திறன் எப்படிப் போதுமாகிறது? 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் ஏற்படும் இழப்பு 13 டெசிபெல். வாங்கியின் அளவுமானியில் ஒரு படி 6 டெசிபெல் என்பதால், ஊசி இரண்டு படிக்குச் சற்றே கூடுதலாக இறங்கும், அவ்வளவே. மாலைக்குப் பின் 40 மீட்டர் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தாண்டுவதால், வீட்டுக் கருவியும் நாட்டுக் கருவியாகிவிடும். நாளுக்கு இருமுறை ஒலித்த காங்கிரஸ் வானொலி பின்னர் இரவு 7.30 முதல் 8.30 வரை ஒருமுறை மட்டும் ஒலித்தது. பாதுகாப்பு கருதிய ஏற்பாடு என்றாலும், அந்த நேரத்துக்கு அலையியலும் துணைநின்றது.

இத்தகைய கருவிமரபு இந்தியாவில் 1920களிலேயே வேரூன்றியிருந்தது. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து 1921இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்திய அமெச்சூர் வானொலியின் கணக்கைத் தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டுக்கு இதில் தனி இடம் உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று உருவாக்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று வெறும் 40 வாட் ஒலிபரப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளைத் தொடங்கியது; பின்னர் அதை 200 வாட் ஆக்கியது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் 1.5 கிலோவாட் நிலையம் திறக்கப்பட்டது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1927 ஜூலை 23 அன்றுதான். பணமின்மையால் சென்னைக் கழகம் அதே ஆண்டு அக்டோபரில் நின்றுபோனது. பம்பாய்க் கம்பெனியும் 1930இல் கலைக்கப்பட்டது. திறன் கூடினால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்றில்லை.

அரசு அஞ்சியது திறனைக் கண்டல்ல, உடைமையைக் கண்டு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் நிலையம் நடத்துவதைக் கட்டுப்படுத்தியது. 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. போர் மூண்டதும் அமெச்சூர்கள் தங்கள் ஒலிபரப்பிகளை ஒப்படைக்கப் பணிக்கப்பட்டனர். கருவிகள் காவல் நிலையங்களுக்குப் போயின. கட்டத் தெரிந்த விரல்கள் வீட்டிலேயே இருந்தன.

அவ்விரல்களுள் ஒன்றுதான் நரிமன் பிரிண்டருடையது. உரிமம் பெற்ற அமெச்சூரான அவரைக் கொண்டு, பாபுபாய் கக்கர் ஒலிபரப்பியை உருவாக்கச் செய்தார். சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோத்வானி கருவிகள் தந்து உதவினார். சௌபாத்தியில் தொடங்கி வாக்கேஷ்வர், கிர்காவ், சாண்ட்ஹர்ஸ்ட் சாலை என நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. (திலக் நகரில் ஹார்பர் பாதை ரயிலேறி சி.எஸ்.எம்.டி. செல்வோர் கடக்கும் நிலையம் இன்னும் அச்சாலையின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. உதிரிபாகம் தேடும் மும்பைவாசிகள் இன்றும் படையெடுக்கும் லாமிங்டன் சாலையும் கிர்காவிலிருந்து நடைதூரமே.) ராம் மனோகர் லோகியா உள்ளிட்டோர் உரைகளைத் தந்தனர். பத்திரிகைகள் தொட அஞ்சிய சிமூர், அஷ்டி கொடுமைகளும் ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தமும் ஒலிபரப்பாயின.

நவம்பரில் எல்லாம் முடிந்தது. பிரிண்டர் காவல்துறையிடம் சிக்கினார். அவரே நிலையத்துக்கு வழிகாட்டினார் என்பது உஷா மேத்தா உள்ளிட்ட இயக்கத்தாரின் கூற்று. சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஐவரில் பிரிண்டர் இல்லை. 1943 மே மாதத் தீர்ப்பு கக்கருக்கு ஐந்தாண்டு, உஷா மேத்தாவுக்கு நான்காண்டு, சந்திரகாந்த் ஜவேரிக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. விட்டல்தாஸ் ஜவேரியும் மோத்வானியும் விடுவிக்கப்பட்டனர்.

இங்குதான் இரு வரலாறுகள் பிரிகின்றன. தேசிய இயக்க வரலாற்றில் பிரிண்டர் காட்டிக்கொடுத்த 'டெக்னீஷியன்'. சில நூல்களில் பெயர்கூட இன்றி அச்சொல்லாலேயே சுட்டப்படுகிறார். ஹாம் வட்டாரங்களில் வழங்கும் வரலாற்றிலோ அவர், ஒப்படைக்க வேண்டிய கருவியை மறைத்துவைத்து அரசை எதிர்த்த முன்னோடி. அங்கே நவம்பர் மாதச் சம்பவம் இடம்பெறுவதில்லை. ஒரு தரப்பு கருவியை மறந்துவிட்டு மனிதரைத் தீர்ப்பிடுகிறது. மறுதரப்பு கருவிக்காக மனிதரின் பாதியை மறைக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் சங்கடமான ஓர் உண்மை மிஞ்சும்: குரல் தருபவர்கள் பலர் இருக்கலாம், வால்வு மாற்றத் தெரிந்தவர் ஒருவர் இருவரே. மறைவு நிலையத்தின் வலுவும் நலிவும் அந்த ஒருவரிடமே குவிந்திருந்தன. இதை அறநெறிக் குறையாக மட்டும் வாசிப்பது, தொழில்நுட்ப அறிவை எத்தனை சிலர் மட்டுமே கைக்கொள்ளும்படி உரிமச் சட்டம் விட்டுவைத்திருந்தது என்பதைக் காணத் தவறுவதாகும்.

போருக்குப் பின் உரிமங்கள் மீண்டன. 1948இல் மோ நகரின் ராணுவ சிக்னல்ஸ் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் உருவானது. உரிமம் வந்தாலும் உதிரிபாகம் எளிதில் வரவில்லை. அந்தப் பற்றாக்குறைக்குப் பிற்காலத்தில் கிடைத்த சிறந்த விடைகளுள் ஒன்று ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்'. சுமார் 6 வாட் திறனுள்ள அக்கருவியின் சுருள்களை, விலையுயர்ந்த இறக்குமதி வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்க்கான வாஷர்களில் சுற்றும்படி அவர் அமைத்தார். வரைபடம் எவரும் எடுத்துக் கட்டும்படி வெளியிடப்பட்டதால், அது இந்தியாவைத் தாண்டிப் பல நாடுகளின் பணிமேசைகளை அடைந்தது. 2016இல் அதன் 40 மீட்டர் வடிவம் தயார்நிலைப் பலகையாக விற்பனைக்கு வந்தது. 42.34 மீட்டர் அதன் பட்டைக்குள்தான் இருக்கிறது.