ரஞ்சன்குடிப் பாறையில் ஏறமுடியாதவர்கள்

பெங்களூரில் இருக்கும் என் பேரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறப் பழகுகிறான். போன விடுமுறையில் வந்தபோது, "நம்ம பக்கம் அந்தக் காலத்துல யாராவது இப்படி ஏறியிருக்காங்களா தாத்தா?" என்று கேட்டான். ஏறியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு அல்ல, கோட்டை பிடிக்க.

முதலில் செஞ்சிக் கதையைச் சொன்னேன். மூன்று குன்றுகள், ராஜகிரி மட்டுமே சுமார் 800 அடி. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் உள்ளே போக முடிந்தது. அதே செஞ்சியை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்கள். புஸ்ஸியின் ஆட்கள் கீழ்வாசலை உடைத்து நுழைந்து, இருட்டில் மூன்று குன்றுகளிலும் ஏறினார்கள். விடிந்தபின் தாங்கள் ஏறிவந்த இடத்தைப் பார்த்து அவர்களே மலைத்துப்போனார்களாம்.

மறுவருஷம் சண்டை நம் ஊருக்கு வந்தது. வெள்ளைக்காரர் புத்தகங்களில் 'வால்கொண்டா' என்றிருக்கும், நம் வாலிகண்டபுரம்தான். கோட்டை, பக்கத்திலிருக்கும் ரஞ்சன்குடி. முகமது அலிக்காக ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் வந்து நின்றார்கள். கில்லேதார் கெட்டிக்காரர். யாருக்கும் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் ஓர் இரவு தாக்கினார்கள். பேட்டை எரிந்தது. ஆனால் மேலே பாறைமீதிருந்த கல்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. செஞ்சியோடு பார்த்தால் நம்முடையது சின்னப் பாறைதான்!

கோபமடைந்த கில்லேதார் சந்தா சாகிபு பக்கம் சாய்ந்தார். அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படை மிரண்டு ஓடியது. படைக்கு உணவுப்பொருள் பார்க்கும் பொறுப்பிலிருந்த ராபர்ட் கிளைவ் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். சில வாரங்கள் கழித்து ஆற்காட்டைப் பிடித்துப் பேர் வாங்கினாரே, அதே கிளைவ்தான். பள்ளிக்கூடத்தில் ஆற்காட்டைப் படித்தோம். பக்கத்திலிருந்த ரஞ்சன்குடியை யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் பேரனை அங்கே அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பில் நாங்கள் நாலுபேர் படிக்கட்டை விட்டுப் பாறை வழியாக ஏறினோம். பாதியில் கால் வைக்க இடமில்லாமல் நான் மட்டும் பல்லிபோல ஒட்டிக்கொண்டு அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மேலே வந்து, துண்டை முறுக்கித் தொங்கவிட்டு இழுத்துப்போட்டார். பிறகு முதுகில் ஒன்று வைத்தார். அந்த இடத்தைக் காட்டினேன். பேரன் தடவிப் பார்த்துவிட்டு, "செருப்போடவா ஏறினீங்க?" என்றான்.

செருப்பா? அப்போது எங்கள் நாலுபேரிடமும் சேர்த்து ஒரு ஜோடிகூடக் கிடையாது.