பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

2015 டிசம்பரில் அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. இடுப்பளவுத் தண்ணீர். வடிந்ததும் சேற்றைக் கழுவினோம். பொங்கலுக்கு முன்பே பெயிண்ட் அடித்து, பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, 'ஆச்சு' என்று உட்கார்ந்துவிட்டேன். சுவர் காய்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பேரனுக்கு ராத்திரியானால் இளைப்பு. மனைவிக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல். 'எல்லாம் சென்னைத் தூசி' என்றேன். மருமகள்தான், "மாமா, இந்த ரூம்ல படுத்தாதான் இவனுக்கு இழுக்குது. ஊருக்குப் போனா ஒண்ணுமில்லை. யாரையாவது கூப்பிட்டுச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு வீட்டில் பாடமா? ஒரு வருஷம் தட்டிக்கழித்தேன்.

என் மனதை மாற்றியது ஒரு பழைய வரலாறு. ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளரைக் குளோரினோடு சேர்த்து வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரே 1775ல் தாமிரமும் ஆர்செனிக்கும் கலந்த ஒரு பச்சை நிறத்தையும் உண்டாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்க் காகிதங்களில் இப்படிப்பட்ட ஆர்செனிக் பச்சைகள்தான் மோஸ்தர். அந்தக் காகிதம் ஒட்டிய ஈர அறைகளில் கெட்ட வாடை அடிக்கிறது, அது உடம்புக்கு ஆகாது என்று 1839லேயே ஜெர்மனியின் க்மெலின் பத்திரிகையில் எச்சரித்தார். வியாபாரம் நிற்கவில்லை.

1862ல் லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தின் நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் டிப்தீரியா என்று நினைத்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது தொற்றவில்லை. ஆர்ட்டன் என்ற மருத்துவரின் சந்தேகம் அறையின் பச்சைக் காகிதத்தின் மேல் விழுந்தது. சோதித்தபோது அதில் ஆர்செனிக் இருந்தது.

1890களில் இத்தாலியின் கோசியோ, ஆர்செனிக் கலந்த மசித்த உருளைக்கிழங்கில் பூஞ்சையை வளர்த்துப் பார்த்தார். பூண்டு வாடையுடன் ஒரு வாயு கிளம்பியது. அது டிரைமெத்தில் ஆர்சைன் என்று 1930களில் இங்கிலாந்தின் சாலஞ்சர் கண்டறிந்தார். அந்த வாயு ஆளைக் கொல்லும் அளவு நச்சுதானா என்று பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். காகிதத்திலிருந்து உதிர்ந்த தூசியும் காரணமாக இருந்திருக்கலாம்.

எங்கள் சுவரில் ஆர்செனிக் கிடையாது. ஆனால் ஒவ்வாமை உண்டாக்கப் பூஞ்சைக்கு ஆர்செனிக் தேவையில்லை. மான்செஸ்டர் மருத்துவர் பிளாக்லி, பூஞ்சைத் துகளைத் தானே முகர்ந்து தொண்டை கட்டிக்கொண்டதை 1873ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். என்னை உறுத்தியது லைம்ஹவுஸ்தான். அங்கேயும் முதலில் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டுச் சுவரை விட்டுவிட்டார்கள். நான் 'தூசி' என்றேன்.

பணம் கொடுத்து ஒரு நிபுணரை வரவழைத்தேன். அந்த அறையிலும் வெளியிலும் பெட்ரி தட்டுகளைத் திறந்துவைத்தார். ஈரம் அளக்கும் சின்னக் கருவியைச் சுவரெங்கும் வைத்துப் பார்த்தார். பீரோவை நகர்த்தியதும் அளவு எகிறியது. பின்னால் இரண்டு முழத்துக்குக் கருப்பு பூத்திருந்தது. "சார், இத்தனை பூஞ்சைக்கு மேல் ஆபத்துன்னு ஒரு கணக்கு கிடையாது. ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது.

பார்த்தால், வெள்ளத்தின் ஓதம் மட்டுமில்லை. சுவருக்கு அந்தப்புறம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றி, பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி பூசினோம்.

பேரன் இன்ஹேலரை விட்டுவிடவில்லை. ஆனால் நடுராத்திரியில் எழுந்து உட்காருவது குறைந்துவிட்டது. மருமகளிடம், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். "ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம் மாமா" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மழை வருகிறது. உங்கள் வீட்டு பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போடுவதற்கு முன் பின்னால் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.