மலைப்பாதையும் மயிரிழை இடைவெளியும்

பல்லேகல என்றதும் இன்றைய வாசகர்கள் பலருக்கு 2009இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானமே நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது அவ்வூரைத் தொட்டுச் செல்லும் மகியங்கனை நெடுஞ்சாலையும் அதன் ஓரத்துக் கராஜ்களும்தாம். கண்டிக்குக் கிழக்கே திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என ஊர்களைக் கடந்து போனால் 'பதினெட்டு வளைவு' என்று பெயர்பெற்ற இறக்கம் வருகிறது. இத்தகைய பாதைகளில் அரை நூற்றாண்டு கடந்த பிரித்தானியக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. சக்கரத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஓர் உருக்குப் பொருளுக்கு அதில் பெரும் பங்குண்டு. ஏட்டில் அதனைத் தாங்கி என்கிறோம். கராஜில் அது பெயாரிங்.

1867இல் புகையிரதம் கண்டியை எட்டும்வரை மலையகத்தின் கோப்பி மாட்டுவண்டிகளிலேயே கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்கு இறங்கியது. அச்சும் குடமும் உரசித் தேய்வதைக் குறைக்க எண்ணெயும் கொழுப்பும் பூசுவதே அன்றைய பராமரிப்பு. உரசலை உருளலாக மாற்றும் எண்ணம் அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. 1794இல் வேல்ஸ் நாட்டின் பிலிப் வோன், வண்டியச்சுக்குக் குண்டுத் தாங்கி அமைக்கக் காப்புரிமை பெற்றார். 1869இல் பரிஸிலிருந்து ருவான் வரை நடந்த மிதிவண்டிப் போட்டியில் ஜேம்ஸ் மூர் வென்ற வண்டியில் குண்டுத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன.

ஆனால் மலைப்பாதைக்கு வேண்டியது வேறொன்று. நேர்ப்பாதையில் சக்கரம் பாரத்தை மேலிருந்து கீழாகச் சுமக்கிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் கூம்பு வடிவ உருளைத் தாங்கிக்கு 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கென். அவர் குதிரைவண்டி செய்பவர் என்பது குறிப்பிடத்தக்கது. ட்ரையம்ப் ஹெரால்ட், அதன் முன்சக்கர அமைப்பைப் பெற்றுப் பிறந்த ஸ்பிட்பயர், 1962இல் வந்த எம்.ஜி.பி ஆகிய யாவற்றின் முன்சக்கரங்களும் இவ்வகைத் தாங்கிகளின் மேலேயே சுழல்கின்றன.

1934ஆம் ஆண்டு தொடங்கிய நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி, இம்மலைநாட்டில் வேகக்கார் மோகம் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை நெருக்கடி மேலும் இறுகியது. புதிய கார் இல்லை, உதிரிப்பாகமும் அரிது. இருப்பதைத் தேயாமல் காப்பதே வழி என்றானபோது, இலங்கையின் கராஜ் 'பாஸ்'மார் ஒரு தனிக்கலையையே வளர்த்தனர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'பாஸ்' என்ற சொல் இங்கே முதலாளியைக் குறிப்பதில்லை. கைத்தொழில் வல்லவரைக் குறிக்கிறது.

அக்கலையை நான் நின்று பார்த்திருக்கிறேன். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தித் தாங்குகட்டையில் இருத்துவார்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்டுவார்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் பழுது தாங்கியில். நிற்காவிட்டால் சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளில். பின்னர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, சுருள்வில்லின் மேல் கைவைத்து அதிர்வை உணர்வார்கள். காதுக்கு எட்டாத கரகரப்பும் விரலுக்கு எட்டும்.

கழற்றிய தாங்கியை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். உருளையிலோ அது ஓடும் வளையத்திலோ குழியோ, சூடேறிய நீலநிறமோ தெரிந்தால் உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். நல்லதாயின் உருளைகளின் இடுக்கெல்லாம் புதிய கிறீஸை அழுத்தி ஏற்றவேண்டும். ஆனால் குடம் முழுவதையும் அடைத்துவிடக் கூடாது.

இனி வருவதுதான் உயிர்நாடி. இறுக்கிப் பூட்டினால் பலம் என்பது பொதுப்புத்தி. கூம்புத் தாங்கியில் அது நாசம். சூட்டில் உருக்கு விரியும். விரிய இடமில்லாவிட்டால் தாங்கி தன்னையே அரைத்துக்கொள்ளும். எம்.ஜி.பிக்கு விதிக்கப்பட்ட இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 2 முதல் 4 பங்கு. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. ஹெரால்டில் நட்டை இறுக்கிப் பின் சற்றே தளர்த்தி இவ்விடைவெளியைப் பெறுவர். எம்.ஜி.பியில் இரு தாங்கிகளுக்கும் நடுவே ஓர் இடைக்குழாய் உண்டு. அதனுடன் மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ குறைத்தோ அளவைச் சரிசெய்த பிறகு, நட்டை நன்றாக இறுக்குவர். எந்தக் காரிலும் நட்டைக் காக்கும் பிளவூசி புதியதாகவே இருக்கவேண்டும்.

எம்.ஜி.பியின் இடைக்குழாயை வேண்டாத உதிரியென்று எறிந்துவிட்டு, ஹெரால்ட் முறையில் பூட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கார் ஓடும், குறை தெரியாது. ஆனால் அக்குழாய் சக்கர அச்சுக்கு விறைப்பைத் தருவது. அதில்லாத அச்சு வளைவுதோறும் அதிகமாக வளைந்து நிமிர்ந்து களைப்புறும். களைத்த உருக்கு முறிய நேர்ந்தால், அது முறிவது பாரம் உச்சமாகும் வளைவிலேதான். பதினெட்டு வளைவில் சக்கரத்தை இழப்பதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

1977இல் இறக்குமதி திறக்கப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் நிறைந்தன. பிற்கால வாகனங்களில் தாங்கியும் குடமும் பெரும்பாலும் ஒரே அலகு. பழுதானால் முழுவதையும் மாற்றுவதே முறை. இடைவெளி பார்க்கும் வேலை அங்கே இல்லை. ஆகவே அதைக் கற்கும் இளைஞரும் அருகிவிட்டனர். 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது, நாடு பழைய பாஸ்மாரைத் தேடி ஓடியது. 2025இல் கதவு மறுபடி திறந்துவிட்டது. தட்டுப்பாட்டுக் காலம் வளர்த்த அறிவைத் தாராளக் காலம் மறந்துவிடுவது நம் நாட்டில் புதிதன்று. மன்னர்களின் போர்களுக்கு ஆண்டுக்கணக்கு வைத்திருக்கும் நாம், இந்தக் கைகளின் அறிவுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கவேண்டும். எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த இடைக்குழாய் வெறும் இரும்புத் துண்டாகவே தெரியும்.