தண்டனை முடிந்த மறுநாள்

1994ஆம் ஆண்டு கோடையில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள கனடாவின் எஃகு நகரமான ஹாமில்டனுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். குழந்தைகளிடம் திரும்பத் திரும்பப் பாலியல் குற்றம் புரிந்து, தண்டனையின் கடைசி நாள்வரை சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. மறுபடியும் குற்றம் செய்வார் என்பதே சிறைத்துறையின் கணிப்பு. ஊர் கொதித்தது. பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காவல்துறை அவரைக் கண்காணிக்கத் தொடங்கியது.

பெற்றோரின் அச்சத்தில் எந்தத் தவறும் இல்லை. கோளாறு சட்டத்தில் இருந்தது. கனடாவில் சிறைத்தண்டனை பெற்றவர் பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக் காலத்தை உள்ளே கழித்ததும் வெளியே வந்துவிடுவார். மிச்சமுள்ள காலம் முழுவதும் பரோல் அதிகாரியின் பிடியில் இருப்பார். 1986இல் வந்த திருத்தம், மிக ஆபத்தானவர்களைக் கடைசி நாள்வரை உள்ளேயே வைத்திருக்க வழிசெய்தது. மக்களைக் காப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் முழுத் தண்டனையும் முடிந்த பிறகு பரோல் அதிகாரிக்கு அவர்கள்மீது எந்த அதிகாரமும் இல்லை. சிறிய குற்றம் செய்தவருக்கு வெளியே வழிகாட்டவும் கண்டிக்கவும் ஓர் ஆள் இருந்தார். மிகக் கொடிய குற்றம் செய்தவரோ, சிறை வாசலைத் தாண்டியதும் தனியாக நின்றார்.

இந்த ஓட்டையை உணர்ந்த சிறை உளவியலாளர் ஒருவர், ஹாரி நை என்ற மெனோனைட் கிறிஸ்தவ சபைப் போதகரிடம் உதவி கேட்டார். விடுதலையானவரை நைக்கு முன்பே தெரியும். நை தன் சிறிய சபையிலிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டு, அந்த மனிதரைச் சுற்றி ஒரு குழு அமைத்தார். வீடு பார்த்துக்கொடுப்பது, கடைக்கு உடன் போவது, எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று கேட்பது, காவல்துறையோடு தொடர்பில் இருப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலையாயிற்று. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக, தன் மரணம்வரை அவர் வெளியே வாழ்ந்தார். புதிய பாலியல் குற்றம் எதுவும் அவர்மீது பதிவாகவில்லை.

சில மாதங்களில் டொராண்டோவிலும் இப்படியொரு குழு உருவானது. ஒன்டாரியோ மெனோனைட் மத்தியக் குழு இதை ஒரு திட்டமாக ஏற்றுக்கொண்டது. கனடா சிறைத்துறையின் ஆன்மிகப் பணிப் பிரிவு நிதி தந்தது. ‘ஆதரவு மற்றும் பொறுப்புக்கூறல் வட்டங்கள்’ பிறந்த கதை இதுதான்.

வட்டத்தின் நடுவில் இருப்பவர் ‘மைய உறுப்பினர்’. அவரைச் சுற்றி பயிற்சி பெற்ற நான்கு முதல் ஏழு தன்னார்வலர்கள். அவர்களுக்கு வெளியே இன்னொரு வளையமாக உளவியலாளர், காவல் அதிகாரி, சமூகப் பணியாளர். தொடக்கத்திலேயே ஓர் உடன்படிக்கை எழுதப்படும். வாரம் ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். ஆரம்ப மாதங்களில் கிட்டத்தட்ட அன்றாடம் யாராவது ஒருவர் அவரைப் பார்ப்பார் அல்லது பேசுவார். பள்ளிக்கூடப் பக்கம் ஏன் போனாய் என்று முகத்துக்கு நேரே கேட்கவும், நடத்தை சந்தேகத்துக்கு இடமானால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இனி ஒருவர்கூடப் பாதிக்கப்படக் கூடாது என்பதும், எந்த மனிதரையும் தூக்கியெறிய முடியாது என்பதும் சேர்ந்ததே இந்த ஏற்பாடு. இரண்டில் ஒன்றை விட்டாலும் வட்டம் நிற்காது.

அதே 1994 கோடையில்தான் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவன் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவன். முன்பே பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவன். அது தெரியாமல் போயிற்றே என்ற பெற்றோரின் கதறல் நாட்டையே உலுக்கியது. மூன்றே மாதங்களில் அந்தச் சிறுமியின் பெயரால் ‘மேகன் சட்டம்’ நியூஜெர்சியில் நிறைவேறியது. 1996இல் அது அமெரிக்கா முழுமைக்கும் விரிந்தது. குற்றவாளியின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏறும், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்கப்படும். பிற நாடுகளும் பதிவேடுகளை உருவாக்கின. இந்தியா 2018 செப்டம்பரில் தேசிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைத் தொடங்கியது; ஆனால் இங்கே அதைக் காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும்.

பதிவேடு குற்றத்தைக் குறைத்ததா? மேகன் சட்டம் பிறந்த நியூஜெர்சியிலேயே 2008இல் வெளியான ஆய்வு, மீண்டும் பாலியல் குற்றம் செய்வதை அந்தச் சட்டம் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். எந்தப் பட்டியலிலும் அதுவரை ஏறாதவர்கள். பட்டியலில் இருப்பவருக்கோ வீடு கிடைப்பதில்லை, வேலை கிடைப்பதில்லை. தனிமையும் வேலையின்மையும் மறுகுற்றத்தின் அபாயத்தைக் கூட்டுபவை.

சிறைக்குள் தரும் சிகிச்சையும் எப்போதும் பலன் தந்துவிடவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1990களின் தொடக்கத்திலிருந்து பாலியல் குற்றவாளிகளுக்குக் குழுச் சிகிச்சை நடந்துவந்தது. அதில் பங்கேற்ற 2,562 பேரைப் பங்கேற்காத 13,219 பேரோடு ஒப்பிட்ட ஆய்வை அரசு 2017இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களில் 10 சதவீதம் பேரும், பங்கேற்காதவர்களில் 8 சதவீதம் பேரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். கால் நூற்றாண்டு நடத்திய திட்டத்தை அரசு கைவிட்டு, புதிய பயிற்சிகளுக்கு மாறியது.

வட்டங்களும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட வேண்டியவையே. உரசியும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 2005இல் வெளியான முதல் ஆய்வு, வட்டத்தில் இருந்த 60 பேரை இல்லாத 60 பேரோடு ஒப்பிட்டது. மீண்டும் பாலியல் குற்றம் செய்வது 70 சதவீதம் குறைந்திருந்தது. 2009இல் 44 பேர் வீதம் ஒப்பிட்ட மறு ஆய்வில் 83 சதவீதம். வட்டத்தில் சேர விரும்பி வருபவர்கள் ஏற்கெனவே திருந்த நினைப்பவர்கள்தானே என்ற நியாயமான கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது. 2008இல் வட்டங்களைத் தொடங்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா சிறைத்துறை அதற்கும் விடை தேடியது. விரும்பி முன்வந்தவர்களையே குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பிரிவுக்கு 50 பேராகப் பின்தொடர்ந்தது. 2018இல் வந்த முடிவின்படி, வட்டத்தில் இருந்தவர்கள் புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் அபாயம் 88 சதவீதம் குறைவு. எண்ணிக்கை சிறியது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் துன்பத்திலிருந்து தப்பிய ஒரு குழந்தையோ பெண்ணோ இருக்கலாம்.

இங்கிலாந்தில் 2002இல் குவேக்கர் கிறிஸ்தவர்களின் முயற்சியால் தேம்ஸ் பள்ளத்தாக்கில் வட்டங்கள் வேரூன்றின. வட்டங்கள் பிறந்த கனடாவிலோ பணத்தட்டுப்பாடு அவற்றை மிரட்டியது. 2010களின் நடுவில் மத்திய அரசு நிதியை வெட்டியது. பல ஊர்களில் வட்டங்கள் மூடும் நிலைக்கு வந்தன. 2017இல்தான் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 75 லட்சம் டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. குற்றவாளிக்கு இவ்வளவு செய்யும் சமூகம் பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு முழு மரியாதை தர வேண்டும்; பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சைக்கும் சட்ட உதவிக்கும் நிதி தனியாகவே வேண்டும். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட சிலர் இந்த வட்டங்களில் தன்னார்வலர்களாகவும் சேர்ந்திருக்கிறார்கள்.