நல்லூர் இராசதானி: கட்டடச் சான்றும் காணிப் பெயர்ச் சான்றும்

பழைய இராசதானியைப் பார்க்க நல்லூருக்கு வருபவர்களைப் பருத்தித்துறை வீதியிலுள்ள மந்திரிமனைக்கும் சங்கிலித்தோப்பு வாசலுக்குமே முதலில் கூட்டிச் செல்வது வழக்கம். இரண்டையும் கிட்ட நின்று பார்த்தால், வாசலின் வளைவும் சுவரின் சாந்துப் பூச்சும் ஐரோப்பியர் காலக் கட்டட மரபையே காட்டுகின்றன. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகள் இருந்த மண்ணில் அவை நிற்கின்றன. அவர்கள் கட்டியவை என்று அதனால் ஆகிவிடாது. இப்படிச் சொன்னதும், நல்லூர் சொல்லும்படியான தலைநகராக இருந்ததேயில்லை என்ற முடிவுக்குச் சிலர் தாவிவிடுகிறார்கள். அம்முடிவு தவறு என்பதே என் வாதம். நல்லூரின் நகர அமைப்புக்கான சான்று சுவர்களில் இல்லை. கோயில்கள் அமைந்த திசைகளிலும் காணிகளின் பெயர்களிலும் இருக்கிறது.

சுவர்கள் இல்லாமற் போனதற்குக் காரணம் தெளிவானது. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சாவின் போர்த்துக்கேயப் படை நல்லூருக்குள் நுழைந்தபோது மன்னன் சங்கிலி கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான். 1591இல் பூர்த்தாடோவின் படையெடுப்பு. 1619இல் ஒலிவேராவிடம் அரசே வீழ்ந்தது. கடைசி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. நல்லூரில் சிறிது காலம் தங்கிய ஒலிவேரா, ஆட்சி இருக்கையை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் அப்பால் பண்ணைக் கடலோரத்துக்கு மாற்றினான். கோவாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கப்பலில் வரும் உதவியை நம்பிய ஆட்சிக்குக் கரையோரமே பாதுகாப்பு. உள்நாட்டு வயலும் தோட்டமும் சூழ்ந்த நல்லூர் அதற்குத் தேவைப்படவில்லை. இடித்த கோயில்களின் கற்கள் கோட்டைக் கட்டுமானத்துக்குள் போயின. அண்மைக் காலத்தில் கோட்டைக்குள் கண்டெடுக்கப்பட்ட கோயில் தூண் துண்டுகள் இதற்குச் சாட்சி. கல் போனது, காணி போகவில்லை.

நல்லூர் எப்போது தலைநகராயிற்று என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, நகரையும் கோயிலையும் அமைத்த பெருமையைப் புவனேகபாகு என்னும் மந்திரிக்குத் தருகிறது. கோயிற் கட்டியத்திலும் அந்தப் பெயர் இன்றுவரை ஒலிக்கிறது. அவன் 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பின்னர் கோட்டேயில் புவனேகபாகு என முடிசூடிய சப்புமல் குமாரயனே என்பது இன்னொரு சாரார் கொள்கை. முன்னைய தலைநகரான சிங்கைநகரை முதலியார் செ. இராசநாயகம் வல்லிபுரப் பக்கம் கண்டார். நல்லூரின் மறுபெயரே அது என்போரும் உண்டு. கட்டியத்தின் சான்றை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் அரசை வென்ற அந்நியனின் பெயரையும் ஒரு கோயில் இத்தனை நூற்றாண்டு விடாமல் சொல்லி வருகிறதென்றால், அங்கே அவன் செய்த பணி சிறியதாக இருந்திருக்க முடியாது.

நகரின் அமைப்புக்கு வருவோம். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர். திசைக்கொன்றாக நின்ற இக்கோயில்களுக்கு நடுவே சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், பண்டாரமாளிகை, முத்திரைச்சந்தை, ‘ப’ வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி என்ற பெயர்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. பண்டாரம் என்பது அரச குடும்பத்தையும் அரச கருவூலத்தையும் குறித்த சொல். அத்தகைய பெயர்கள் குடாநாட்டின் வேறெந்த ஊரிலும் இவ்வளவு அடர்த்தியாகத் திரளவில்லை. மதிலால் வளைத்த நகரை மட்டுமே நகரென்று கொண்டால் இது கண்ணுக்குப் படாது. கோயிலும் குளமும் வளவும் எல்லை வகுத்த நகர் இது.

இதற்குத் தடை எழுப்பலாம். கோயில்கள் இடிக்கப்பட்டு ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுந்தவை, இடம் மாறியிருக்கலாம். கந்தசுவாமி கோயிலே மாறியது. முத்திரைச்சந்தியில் இப்போது புனித யாக்கோபு தேவாலயம் நிற்கும் இடத்தில் பழைய கோயில் இருந்தது என்பது ஊர் மரபு. இன்றைய கோயில் நிற்பது குருக்கள் வளவில். தடை நியாயமானதுதான். ஆனால் கோயில் பெயர்ந்த பின்னும் குருக்கள் வளவு என்ற பெயர் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் மண்ணோடு ஒட்டியது, கட்டடத்தோடு அல்ல. முத்திரைச்சந்தை போன்ற பெயரில் மட்டும் நிதானம் தேவை. எந்த அரசின் முத்திரை என்பதைப் பெயர் சொல்லாது. அதனால்தான் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிய காணிப் பதிவேடுகளான தோம்புகளோடு ஒவ்வொரு பெயரையும் ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலைக்கு இன்னொரு மூலம் நம் வீட்டுப் பெட்டிகளிலேயே உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை விரித்தால் முதலில் வருவது காணியின் பெயர், பிறகு பரப்பும் குழியும், பிறகு நாலெல்லை. எல்லைக்கு அடுத்த காணியின் பெயரும் அதில் வந்துவிடும். பத்து உறுதிகளை அருகருகே வைத்தால் ஒரு குறிச்சியின் படமே கிடைக்கும். காணி துண்டாகும்போது பழம்பெயர் கைவிடப்படும் ஆபத்து இருக்கிறது. நல்லூர்ப் பகுதியில் காணி வைத்திருப்போர், புது உறுதி எழுதும்போது பழைய பெயரை விடாது எழுதுவியுங்கள். பழைய உறுதியின் படியொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்க முன்வாருங்கள்.