புல்வெளி மேல் விழுந்த பழி

1956-இல், பெல்ஜியக் காங்கோவின் யாங்காம்பியில் ஆப்பிரிக்கத் தாவரங்களை ஆராய்கிறவர்கள் கூடினார்கள். பிரச்சினை கேட்கச் சின்னதுதான்: ஒரே நிலத்துக்கு ஆளுக்கொரு பேர். பிரிட்டிஷ்காரர்கள் ‘வுட்லண்ட்’ என்றதை பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபொரே க்ளேர்’, அதாவது வெளிச்சக் காடு என்றார்கள். ‘சவானா’ என்றால் ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொரு காட்சி. காலனி எல்லையைத் தாண்டியதும் காட்டின் பேரே மாறிவிட்டால், கண்டம் முழுக்க ஒரே வரைபடம் எப்படிப் போடுவது?

1959-இல் ஒரு பொது வரைபடம் வந்தது. அதைத் திருத்தி விரிவாக்கும் வேலை ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியலாளர் ஃபிராங்க் வைட்டிடம் வந்து சேர்ந்தது. 1983-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அவருடைய வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 50 கிலோமீட்டர். மழையளவைப் பார்த்து, ‘இங்கே இந்தக் காடுதான் இருக்கணும்’ என்று அவர் கோடு போடவில்லை. தாவரங்களின் உருவத்தையும், எந்த இனங்கள் எங்கே சேர்ந்து வளர்கின்றன என்பதையும் வைத்தே பிரித்தார். சண்டைக்குக் காரணமான ‘சவானா’வை வகைப் பெயராக வைத்துக்கொள்ளவும் இல்லை.

இவ்வளவு கவனமான வரைபடத்திலும் ஒரு சொல் உறுத்துகிறது. மழைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் பட்டைக்கு வைட் வைத்த பெயர், ‘தாழ்நில மழைக்காடும் இரண்டாம்நிலைப் புல்வெளியும் கலந்த நிலம்’. ‘இரண்டாம்நிலை’ என்று சொன்னாலே, முன்பு அங்கே காடு இருந்தது, யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது புல். அதற்குப் பின்னால் ஒரு குற்றவாளியும் வந்து நிற்கிறார்.

அது யார் என்று காலனி வனத்துறையினர் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்: காட்டுக்குத் தீ வைக்கும் கிராமத்தான்.

கினியாவின் கிஸ்ஸிதுகு வட்டாரம் இப்படிப்பட்ட எல்லை நிலம். புல்வெளி நடுவே, ஊர்களைச் சுற்றி மட்டும் வட்ட வட்டமாகக் காடு. பழைய பெருங்காட்டின் மிச்சம் என்றார்கள் அதிகாரிகள். 1990-களில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் அங்கே தங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். 1952-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். பல இடங்களில் காடு குறையவே இல்லை; கூடியிருந்தது. ஊர்க்காரர்கள் சொன்னதும் அதைத்தான்: இது நாங்கள் உண்டாக்கியது. ஊரைச் சுற்றி மாடு மேயும், கூரைக்குப் புல் அறுப்பார்கள். தீ பிடிக்க அங்கே காய்ந்த புல் மிஞ்சாது. குப்பையும் சாணமும் மண்ணைக் கொழுக்க வைக்கும். கோலா மரம் நடுவார்கள். காடு தானாக எழும்பும். அதாவது, காட்டை வளர்த்தவர்கள் மேலேயே காட்டை அழித்த பழி.

எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று சொல்ல முடியாது. கோக்கோ தோட்டங்களுக்காக ஐவரி கோஸ்ட் இழந்த மழைக்காடு நிஜமான இழப்பு. ஆனால் அதை ஊர் ஊராகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வரைபடத்தின் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இன்னொரு விஷயம். இதே வைட், 1976-இல் ஆப்பிரிக்காவின் ‘நிலத்தடிக் காடுகள்’ பற்றி எழுதியவர். தெற்கே ஜாம்பியா, அங்கோலா பக்கம், கட்டையான தண்டு முழுக்க மண்ணுக்குள் இருக்க, இலையும் பூவும் மட்டும் புல்லோடு புல்லாக எட்டிப் பார்க்கும் செடிகள் உண்டு. அவற்றின் நெருங்கிய சொந்தங்கள் ஓங்கி வளர்ந்த மரங்கள். இப்படி மாற லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகியிருக்கின்றன என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின. அங்கெல்லாம் புல்வெளியை நேற்று யாரோ கெடுத்த காடு என்று சொல்லிவிட முடியாது.

2015-இல் தொடங்கிய ‘ஏஎஃப்ஆர்100’ திட்டம், 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்கப்போவதாகச் சொல்கிறது. எதை மீட்பது? ஆதியிலிருந்தே புல்லாக இருந்த நிலத்தை ‘கெட்டுப்போன காடு’ என்று எழுதிக்கொண்டால், மரம் நடுவதே அழிவாகிவிடும். நிழல் விழுந்தால் அந்தப் புல்லும் நிலத்தடிக் காடும் சாகும். மாடு மேய்ப்பவர்களுக்கும் இடம் போகும். யாங்காம்பியில் பேருக்காகச் சண்டை போட்டவர்கள் வெட்டி வேலை பார்க்கவில்லை. ஒரு நிலத்துக்கு என்ன பேர் என்பதில்தான், அதை அடுத்து என்ன செய்வார்கள் என்பதும் இருக்கிறது.